ட்ராம் உயரத்தில் வைத்த முகங்கள்

எனக்குப் புத்தகங்களில் பெரிய பிடிப்பு ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் புத்தகக் கடைக்குள் நான் முதன்முதல் போனது குளிருக்காக. ஜெர்மனியில் எசன் நகரின் வடக்குப் பக்கம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு ட்ராம் தரிப்பிடம் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் அந்தக் கடை. அன்று ட்ராம் வரவில்லை. தாமதத்தை அறிவிப்பதற்கென்றே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். என் சப்பாத்துக்குள் ஈரம் ஏறிவிட்டது. கடைக் கதவைத் திறந்து ஒரு பெண் தலையை நீட்டினார். கறுப்பினப் பெண், நல்ல உயரம், பாதி நரைத்த சுருள் முடி.

"உள்ளை வா. இந்த ட்ராமை நம்பி நிண்டால் விறைச்சுப் போவாய்."

நாங்கள் பேசியது ஜெர்மன். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

உள்ளே போய் ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்றேன். ஏதாவது வாங்க வேண்டுமோ என்று கூச்சமாக இருந்தது. அவர் இஞ்சித் தேநீர் ஒரு கோப்பையைக் கையில் திணித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அந்த நேரம் ஒரு கிழவர் உள்ளே வந்து ஏதோ வழி கேட்டார். கேட்டுவிட்டு, நீ எந்த நாடு என்று கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்தார். எசன் என்றார். அதற்கு முதல் எங்கே என்றார் கிழவர்.

"அதுக்கு முதல் என்ர அம்மாவின்ர வயித்துக்குள்ளை."

எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அந்தக் கேள்வியை என்னிடமும் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறார்கள். ஒருநாளும் இப்படிப் பதில் சொல்ல வந்ததில்லை. அடுத்த நாள் ட்ராம் நேரத்துக்கு வந்தும் நான் கடைக்குள்தான் போனேன்.

கடைக்காரப் பெண்ணின் தாய் இந்த ஊர் வெள்ளைக்காரி. தகப்பன் சுரங்கப் படிப்புக்காகக் கானாவில் இருந்து வந்த மாணவர். படிப்பு முடிந்து போனவர் திரும்பி வரவில்லை. கடைக்காரி என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றேன். அதற்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன். பிடித்துப் போயிற்று. கொஞ்ச நாளில் கடைக்கு வருகிற எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். கானாக்காரர், கமெரூன்காரர், இங்கேயே பிறந்த பெடியள், தங்கள் கறுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற வெள்ளைக்காரத் தாய்மார் எல்லோருக்கும் அவர் அக்கா. அந்த ஊரில் தமிழ் படிப்பித்த ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வேன்.

கறுப்பின மக்கள் எழுதிய புத்தகங்கள்தான் கடையில் இருந்தன. விற்றது கொஞ்சம். அதை விட மற்ற அலுவல்கள்தான் கூட நடந்தன. சனிக்கிழமைகளில் பின்னறை மேசையைச் சுற்றி இருக்க இடம் கிடையாது. ஒரு மூலையில் சுருள் முடியை நோகாமல் சிக்கெடுத்துப் பின்ன வெள்ளைக்காரத் தாய்மாருக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பார். இன்னொரு மூலையில் யாரோ ஒருவருடைய விசா அன்ட்ராக் விண்ணப்பத்தை நாலு பேர் சேர்ந்து வாசித்து மண்டையைச் சொறிவார்கள். நிலத்தில் பெடியள் ஊர்வலத்துக்குப் பலகை எழுதுவார்கள். ஆபிரிக்காவில் சனத்தைக் கொன்ற ஒரு பழைய அதிகாரியின் பெயர் பக்கத்துத் தெரு ஒன்றுக்கு இருந்தது. அதை மாற்றச் சொல்லி அவர்கள் வருடக்கணக்காக நின்றார்கள். அவர்களுக்கு ஆத்திரம் இருந்த அளவுக்குக் கையெழுத்து நேராக இல்லை. பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலையாயிற்று.

வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. "இஞ்சேரும், உமக்கு அங்கை என்ன வேலை? அவையள் எங்கட ஆக்களோ?" என்றார் கணவர். எங்கள் ஆட்கள் கறுப்பு மக்களைச் சொல்ல ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தமிழ்க் கடைகள் பாதி ஓடுவதே ஆபிரிக்கச் சனத்தால். மரவள்ளியும் கருவாடும் வாழைக்காயும் அவர்களுக்கு விற்போம், சிரித்துச் சிரித்து விற்போம், வீட்டுக்கு மட்டும் கூப்பிடமாட்டோம். அதே ஆட்கள்தான் என் மகளை, நிறம் கொஞ்சம் கறுப்பு என்பதற்காக, கோயிலில் வைத்துக் கறுப்பி என்று கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளினவர்கள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளையும் கூட்டிக்கொண்டுதான் சனிக்கிழமைகளில் போவேன். அங்கே யாரும் அவள் கன்னத்தைக் கிள்ளவில்லை.

கடையின் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கண்ணாடியைச் சுற்றித்தான்.

மற்றக் கடைக்காரர்கள் தெருவில் நடந்து போகிறவர்களுக்காகக் கண்ணாடிக்குள் சாமான் அடுக்குவார்கள். அக்கா ட்ராமில் இருப்பவர்களுக்காக அடுக்கினார். தரிப்பிடத்தில் ட்ராம் நிற்கிற நேரம், உள்ளே சீற்றில் இருக்கிற ஆளின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் ஒரு தட்டு. அதில் புத்தகங்கள் முன்னட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கும். முன்னட்டை என்றால் எல்லாம் முகங்கள். கறுத்த சிறுமி, கறுத்த கிழவன், தலையில் துணி கட்டிய பெண், கண்ணாடி போட்ட பெடியன். புதிதாக அடுக்கினால் அவர் ஒரு தரிப்பிடம் முன்னால் நடந்து போய், ட்ராமில் ஏறி, கடையைத் தாண்டி வந்து பார்ப்பார். பிறகு வெளியே நின்று கையைக் காட்டுவார்: அதை இடப்பக்கம் தள்ளு, இதை நிமிர்த்து. உள்ளே நின்று நான் தள்ளுவேன், நிமிர்த்துவேன்.

"கடைக்குள்ளை வர வெக்கப்படுற ஆக்களும் ட்ராமிலை இருந்து பாப்பினம். தங்களை மாதிரி ஒரு முகத்தைப் பாத்திட்டு வேலைக்குப் போகட்டும்," என்பார்.

இது எனக்கு ஒழுங்காக விளங்க முதல் ஒரு கூத்து நடந்தது. ஒருமுறை அக்கா புத்தகச் சந்தைக்கென்று வேறு நகரத்துக்குப் போனார். கடைக் கதவின் திறப்பை என்னிடம் தந்து, தூசி தட்டி வைக்கச் சொன்னார். போகிற போக்கில், கண்ணாடிக்குள் இருக்கிற புத்தகங்கள் வெயிலில் நிறம் போகின்றன, பிள்ளைகளின் புத்தகங்கள் ஊத்தையாகின்றன என்று அலுத்துக்கொண்டார். எனக்கு அது போதும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் தொடங்குகிற வாரம் என்ன செய்வோம்? புதுப் புத்தகத்துக்கு உறை போடாமல் யாராவது பள்ளிக்கூடம் போனதுண்டா? பிறவுண் பேப்பர் சுருள் வாங்கினேன். பிசின் நாடா ஒட்டாமல், மூலைகளை உள்ளே மடித்து, முதுகில் பெயர் எழுதி, தட்டில் இருந்த அத்தனை புத்தகத்துக்கும் பிள்ளைகளின் மூலையில் இருந்த அத்தனைக்கும் உறை போட்டேன். என் கைவேலையைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. திரும்ப அதே ஒழுங்கில் கண்ணாடிக்குள் அடுக்கிவிட்டு அக்கா வரும்வரை காத்திருந்தேன்.

அக்கா ட்ராமில் வந்து இறங்கினார். இறங்கினவர் கடைக்கு வரவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கண்ணாடிக்குள் மண்ணிறச் சதுரங்கள் வரிசையாக நின்றன. புத்தகக் கடை போய் பார்சல் அனுப்புகிற கடை வந்திருந்தது.

உள்ளே வந்து, "முகங்கள் எங்கை?" என்றார்.

"உள்ளை இருக்கக்கா. பழுதாகாமல் உறை போட்டிருக்கிறன்."

அவர் பெட்டியின் மேல் இருந்துவிட்டார். முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அழுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். சின்ன வயதில் தாயின் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அவரைப் பின்னறையில் இருத்திக் கதவைச் சாத்திவிடுவார்கள். சத்தம் கேட்காமல் இருக்க ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். பிள்ளை அழக்கூடாது என்று படப் புத்தகங்கள் நிறையக் கொடுப்பார்கள். தாய்க்கு அவரில் அன்பு இல்லை என்று இல்லை. விருந்தாளிகள் போனதும் வந்து கட்டிப்பிடித்துக் கேக் தருவாவாம்.

"அந்த அறையிலை என்னோடை இருந்த புத்தகங்களிலை கூட நான் இல்லை," என்றார். "நான் கடை வைச்சதே அதுக்குத்தான். நீ எல்லாரையும் திருப்பி அறைக்குள்ளை விட்டிட்டாய்."

"அக்கா, எங்கட ஊரிலை விருப்பமான சாமானுக்குத்தான் உறை போடுவம். தேவையில்லாததுக்கு ஆர் மினக்கெடுவினம்?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழும்பிக் கோட்டைக் கழற்றினார். இரண்டு பேரும் நிலத்தில் இருந்து உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒரேயொரு புத்தகத்தின் உறையை மட்டும் கழற்ற விடவில்லை. அது அவர் தனக்கென்று வாசிக்கிற புத்தகம். அவசரத்தில் அதற்கும் போட்டிருந்தேன். "இது இப்பிடியே கிடக்கட்டும். இதுக்குள்ளை இருக்கிறது நீ விரும்பின சாமான் எண்டு நினைச்சுக்கொள்ளுறன்," என்றார். கடைசிவரை அதை உறையோடுதான் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாரியில் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். உடைத்தது காணாதென்று புத்தகங்களின் மேல் பெயின்ற் ஊற்றியிருந்தார்கள். பொலிஸ் வந்து படம் எடுத்தது. யார் என்று ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. புதுக் கண்ணாடி வர நாளாகும் என்று அதுவரைக்கும் பெரிய பலகை ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். பலகைக்குப் பின்னால் கடை இருட்டாகக் கிடந்தது. அக்கா பின்னறை மேசையை இழுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். மிஞ்சிய புத்தகங்களை அதில் நிறுத்தி, கதிரை போட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தார். மழை தூறியது. உள்ளே வாங்கோ அக்கா, வருத்தம் வந்திடும் என்று கெஞ்சினேன்.

"பலகையைப் பாத்திட்டு, முடிஞ்சுது, மூடிப்போட்டம் எண்டு அவங்கள் நினைக்கிறதை விட வருத்தம் பரவாயில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரோடா, உடைத்தவர்களோடா என்று தெரியவில்லை. வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கணவரிடம் கத்தினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டத்தில் மழைக்கு விரிக்கிற படங்கையும் கயிற்றையும் கொண்டு காரில் வந்து இறங்கி, பலகையில் ஆணியடித்து, மேசைக்கு மேலே கூடாரமாக இழுத்துக் கட்டினார். கட்டி முடித்து அக்காவின் முன்னால் நின்று, "இனி மழை வராது," என்றார். அக்கா அவருக்கும் தேநீர் ஊற்றினார். புதுக் கண்ணாடி வரும்வரைக்கும் அந்தப் படங்குக்கு அடியில்தான் கடை நடந்தது. கறுப்பு மக்களைச் சொல்ல வைத்திருந்த அந்தச் சொல்லைக் கணவர் பிறகு வீட்டில் பாவித்ததில்லை. நான் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை.

வருத்தம் வரத்தான் செய்தது, ஆனால் மழையால் இல்லை. போன கோடையில் அக்கா மெலியத் தொடங்கினார். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முதியோர் இல்லத்தில் இவ்வளவு காலம் வேலை செய்தவள் நான். அந்தச் சொல்லைக் கேட்டதும் மிச்சம் எனக்குத் தெரியும். அதே காலத்தில் கட்டிடம் கை மாறியது. புது உரிமையாளர்கள் கடையின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. நவம்பர் முடிவில் திறப்பைக் கொடுக்க வேண்டும். சட்டப்படி அவர்கள் பக்கம் பிழை இல்லை என்று வழக்கறிஞர் சொன்னார். பெடியள் கையெழுத்துச் சேர்த்தார்கள், நகரசபைக்குப் போனார்கள், பத்திரிகையில் படம் வந்தது. எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். அனுதாபப்பட்ட ஒருவரிடமும் வேறு கடை இல்லை.

கடையை நீ எடுத்து நடத்து என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அக்காவிடம் கேட்டேன். அவர் அப்போது, கடைசிக் காலத்து நோயாளிகளைப் பராமரிக்கிற ஹோஸ்பிஸுக்குப் போய்விட்டார். யன்னலோரக் கட்டில், பக்கத்தில் உறை போட்ட அந்தப் புத்தகம். தலையை ஆட்டினார்.

"உன்னாலை ஏலும். ஆனால் கடைக்காரி கறுப்பியா இருக்க வேணும். கதவைத் திறக்கிற முகம் அதுதான் எண்டு தெரிஞ்சுதான் சனம் வருது. நான் நடத்தினது அதுக்காகத்தான்."

எனக்கு நொந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூட நொந்தது. நடத்தக்கூடிய இளம் பிள்ளைகளுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, வேலை, வேறு நகரம். அவர்களைக் குறை சொல்ல ஏலாது.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கண்ணாடியை ட்ராமில் இருந்து இன்னும் ஒருதரம் பார்க்க வேண்டும். கடையைக் கட்டும்போது கண்ணாடியை மட்டும் கடைசியாகக் கட்டுங்கள், முகங்கள் நிற்கட்டும், நீ உறை போட்ட இந்தப் புத்தகத்தையும் கொண்டுபோய் ஒரு கரையில் வை என்றார். நோயாளிகளின் கடைசி ஆசைக்கென்று வண்டி இருக்கிறது, அதில் படுத்தபடியே கடை வாசலுக்கே கொண்டுபோவார்கள் என்று தாதி சொன்னார்.

"வேண்டாம். ட்ராமிலை இருந்து பாக்கத்தானே அந்த உயரத்திலை வைச்சது," என்றார் அக்கா.

ஒப்பந்தம் முடிகிற கடைசிச் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. என் மகள் இப்போது கெல்சென்கிர்ச்சனில் சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறாள். அவள் காலையில் ஹோஸ்பிஸுக்குப் போய் அக்காவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்து, ஒரு தரிப்பிடம் முன்னால் ட்ராமில் ஏற்ற வேண்டும். பதினொரு மணி ட்ராம். நாங்கள் கடை வாசலில் நிற்க வேண்டும். அந்தக் கிழமை முழுக்கப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டினோம். தட்டுகளைக் கழற்றினோம். பின்னறையைக் கழுவினோம். நிலத்தில் பெடியளின் பெயின்ற் கறை இருந்தது. அதை மட்டும் யாரும் தேய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்குள் ஒன்றுமில்லை, கண்ணாடியில் மட்டும் எல்லாம் இருந்தது. நான் அக்கா செய்வதைப் போல ஒரு தரிப்பிடம் நடந்து போய் ட்ராமில் ஏறி வந்து பார்த்தேன். தலைத்துணிப் பெண் கொஞ்சம் சரிந்திருந்தா. இறங்கிப் போய் நிமிர்த்தினேன். உறை போட்ட புத்தகம் வலது கரையில் நின்றது.

சனிக்கிழமை நல்ல குளிர், ஆனால் வெயில். நினைத்ததை விடக் கூடச் சனம் வந்தது. சுருள் முடிப் பிள்ளைகளோடு தாய்மார், கானாத் தேவாலயத்தில் இருந்து பெண்கள், தெருப் பெயருக்காக நின்ற பெடியள். அவர்களில் மிக உயரமான ஒருவன் கண்ணாடியைக் காலையிலேயே துடைத்து முடித்து மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான். என் கணவர் பெரிய பானையில் இஞ்சித் தேநீர் கொண்டு வந்திருந்தார். அக்கா வரும்போது எல்லோரும் கையசைப்பது என்று பேசிக்கொண்டோம். அழக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம்.

பத்தரைக்கு மகள் ரெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, நீங்கள் இருந்துகொண்டு கேளுங்கோ."

இருக்க எங்கே கதிரை இருந்தது. எல்லாம் கட்டியாயிற்று.

"உடுப்பெல்லாம் போட்டு வெளிக்கிட்டு இருந்தவ அம்மா. சால்வையும் போட்டாச்சு. சப்பாத்துப் போட நான் குனிஞ்சன். நிமிந்து பாக்கிறன், அக்கா போயிட்டா."

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டார்கள். கானாப் பெண்களில் ஒருவர் மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போவது என்றும் தெரியவில்லை. இப்படி ஒன்று நடந்தால் நாங்கள் எல்லோரும் போகிற இடம் அந்தக் கடைதான்.

பதினொரு மணி ட்ராம் நேரத்துக்கு வந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு நிமிடமும் பிந்தவில்லை. கதவுகள் திறந்தன. இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் எங்களையும் கண்ணாடியையும் பார்த்தார்கள். உயரமான பெடியன் கையைத் தூக்கினான். அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். ட்ராம் வளைவில் மறையும் வரை நாங்கள் கையசைத்துக்கொண்டு நின்றோம். அதில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

பிற்பகல் உரிமையாளர்களின் ஆள் திறப்பு வாங்க வந்தான். இளம் ஆள், கெட்டவன் இல்லை. செய்தியைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினான், திங்கட்கிழமை வரட்டுமா என்றும் கேட்டான். திங்கட்கிழமை வந்தாலும் இதே கதைதானே. இன்றைக்கே முடிப்போம் என்றேன். அடுத்த வாடகையாள் வரும்வரைக்கும் கண்ணாடியை உள்ளே இருந்து மூட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கக்கத்தில் ஒரு சுருள் வைத்திருந்தான். பிறவுண் பேப்பர்.

"மூட விடமாட்டன்," என்றான் உயரமான பெடியன். கண்ணாடிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். "அக்கா ஒருநாளும் மூட விட்டதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்ததை விட எனக்குத் தெரியும். வந்தவன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். நான் மூடாவிட்டால் திங்கட்கிழமை யாரோ ஒருவன் வந்து, கடை எது, யாருடையது என்று தெரியாமல், பிசின் நாடாவை இழுத்து இழுத்துக் கோணலாக ஒட்டிவிட்டுப் போவான். அது என்னால் பொறுக்க ஏலாது.

"தம்பி, தள்ளு. இது என்ர வேலை," என்றேன்.

முகங்களை முதலில் இறக்க வேண்டியிருந்தது. முதல் புத்தகத்தில் கை வைக்க யாருக்கும் மனமில்லை. நான் கறுத்த சிறுமியை எடுத்து உயரமான பெடியனிடம் கொடுத்தேன். அவன் வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தான். கைமாறிக் கைமாறி ஒவ்வொரு முகமும் வாசலுக்கு வெளியே போயிற்று. பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். ஒருவரும் வைக்கவில்லை. ஆளுக்கொன்றாகக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். உறை போட்ட புத்தகத்தை நான் என் பைக்குள் வைத்தேன்.

பிறகு பேப்பரை விரித்தேன். கண்ணாடியின் அளவுக்கு வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, நகத்தால் அழுத்தி, மூலைகளைச் சேர்த்தேன், பள்ளிக்கூடப் புத்தகத்துக்குச் செய்வதைப் போலவே. கணவர் ஏணியைப் பிடித்தார். எங்கள் ஊரில் விருப்பமான சாமானுக்குத்தான் உறை போடுவோம் என்று அன்றைக்கு அக்காவிடம் சொன்னதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்க அவர் இல்லை. அழுகை வந்தது, பேப்பர் நனையக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசித் துண்டை ஒட்டியதும் கடைக்குள் மங்கலாயிற்று. திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இன்றைக்கும் நாங்கள் மாதம் ஒருமுறை ஒரு வாடகை மண்டபத்தில் கூடுகிறோம். மேசை இருக்கிறது, தேநீர் இருக்கிறது, தெருப் பெயருக்கான வேலையும் நிற்கவில்லை. ஆனால் அதற்கு முன்கூட்டியே டெர்மின் எடுத்து நேரம் பதிய வேண்டும். சப்பாத்து நனைந்தவளை உள்ளே வா என்று கூப்பிட அங்கே ஒரு கதவு இல்லை.

அன்றைக்கு வெளியே வந்தவள், மடிப்புச் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ட்ராம் தரிப்பிடத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்றேன். உள்ளே பேப்பர் ஒட்டியதால் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டிருந்தது. பின்னேர வெயில் எங்கள் பக்கம் அடித்தது. உயரமான பெடியன், கானாப் பெண்கள், பிள்ளைகள், ஹோஸ்பிஸில் இருந்து நேரே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள், நான், என் பின்னால் தேநீர்ப் பானையோடு கணவர், எல்லோரும் அந்தக் கண்ணாடிக்குள் வரிசையாக நின்றோம். அக்கா தட்டு வைத்த அதே உயரத்தில் எங்கள் முகங்கள் இருந்தன. கொஞ்சம் இடப்பக்கம், நிமிர்ந்து நில்லுங்கோ என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.